"85 டெசிபல்" என்று போட்ட குழந்தைகள் ஹெட்செட்டை நம்பி வாங்காதீர்கள்

வீட்டிலிருந்தே பாடம் படிக்கும் குழந்தைக்கு ஹெட்செட் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டியின் மேல் ஒரு காது படம் போட்டு, பக்கத்திலேயே "85 டெசிபல், குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது" என்று, அதாவது சத்தம் அந்த அளவைத் தாண்டாது என்று, அச்சடித்திருந்தால், அதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். நாங்கள் வாங்கிய ஹெட்செட்டில் அந்த வாசகம் பெட்டியிலும் இருந்தது, கையேட்டிலும் இருந்தது, காதுக் கிண்ணத்தின் உள்பக்கத்திலும் இருந்தது. ஆனால் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு ஹெட்செட்டுக்குள் இல்லவே இல்லை. கூட வந்த இரண்டு கேபிள்களில் ஒன்றில் மட்டும்தான் இருந்தது. அதுவும் வகுப்புக்குப் பயன்படாத கேபிளில்.

என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். நேரடி வகுப்பு, பதிவு செய்த பாடங்கள், வாசிப்புப் பயிற்சி என்று தினமும் பல மணி நேரம் காதில் மாட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அவனுக்குச் சின்னத் தங்கை இருக்கிறாள், நானும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன். எல்லா நேரமும் ஸ்பீக்கரில் போட வழியில்லை. அதனால்தான் குழந்தைகளுக்கென்றே செய்த, சத்தக் கட்டுப்பாடு உள்ள ஹெட்செட்டாகத் தேடி, கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து ஆன்லைனில் வாங்கினோம்.

பெட்டியைத் திறந்தால் ஹெட்செட் தனி, கேபிள்கள் தனி. குட்டைக் கேபிளின் நடுவில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் முடிச்சு. நீளக் கேபிளில் முடிச்சு கிடையாது, வாய்க்கு நேரே வரும் மைக் குச்சி இருந்தது. வகுப்பில் ஆசிரியர் கேட்டால் குழந்தை பதில் சொல்ல வேண்டும், மைக் இல்லாமல் முடியாது. அதனால் யாராக இருந்தாலும் நீளக் கேபிளைத்தான் செருகுவார்கள். நாங்களும் அதைத்தான் செருகினோம்.

சில வாரங்கள் போயிருக்கும். ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்தவன், "அம்மா, காதுக்குள்ள ஙொய்னு கேட்டுக்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது" என்றான். எனக்கு உயிரே போய்விட்டது. உடனே அவனுடைய ஹெட்செட்டை எடுத்து, அவன் வைத்திருந்த வால்யூமை மாற்றாமல் என் காதில் மாட்டிப் பார்த்தேன். மாட்டிய வேகத்தில் கழற்றிவிட்டேன், அவ்வளவு சத்தம். அப்புறம் குட்டைக் கேபிளை மாற்றிச் செருகி, அதே பாடத்தை அதே வால்யூமில் ஓடவிட்டேன். சத்தம் பாதிக்கும் கீழே போய்விட்டது. போனில் சத்தம் அளக்கும் செயலியைப் போட்டு, போனின் மைக்கைக் காதுக் கிண்ணத்துக்குள் ஒட்டி வைத்தும் பார்த்தேன். அந்தச் செயலிகள் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் ஒரே போன், ஒரே பாடம், ஒரே வால்யூம் என்று வைத்துக்கொண்டு கேபிளை மட்டும் மாற்றிப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பொய் சொல்லாது.

காது மருத்துவரிடம் அழைத்துப் போனோம். கேட்கும் திறன் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது, இரைச்சலும் தானாக அடங்கிவிட்டது. நல்ல வேளை. உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடிச் செல்கள் செத்துப்போனால் மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. குழந்தை காதில் இரைச்சல் என்று சொன்னாலோ, ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு கத்திப் பேசினாலோ, கூப்பிட்டால் "என்ன? என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாலோ, விளையாட்டுத்தனம் என்று விட்டுவிடாதீர்கள்.

அந்த முடிச்சுக்குள் இருப்பது ஒரு சாதாரண மின்தடை. பாதி மூடிய தண்ணீர்க் குழாய் மாதிரி, கம்ப்யூட்டரிலிருந்து வரும் மின்குறிப்பைக் குறைத்து அனுப்பும், அவ்வளவுதான். பின்னாலிருந்து எவ்வளவு அழுத்தமாக வருகிறதோ அதைப் பொறுத்துத்தான் வெளியே வருவதும் இருக்கும். ஒரு போனில் 85-இல் நிற்கும் அதே ஹெட்செட், வலுவான வெளியீடு உள்ள ஒரு மேசைக் கம்ப்யூட்டரில் 90-ஐத் தாண்டிப் போகலாம். ஆகவே எந்தக் கருவியில் செருகி அளந்தார்கள் என்று சொல்லாமல் வெறுமனே "85 டெசிபல்" என்று போட்டால், அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. 2016-இல் வயர்கட்டர் என்ற பொருள் ஆய்வுத் தளம் குழந்தைகள் ஹெட்போன்கள் 30-ஐ வாங்கிச் சோதித்தபோது, பாதி வரை சொன்ன அளவுக்குள் சத்தத்தை நிறுத்தவில்லை என்று தெரியவந்தது.

சரி, 85-இல் ஒழுங்காக நின்றுவிட்டால் போதுமா? அதையும் நான் அப்புறம்தான் தேடிப் படித்தேன், படித்ததும் கோபம் இன்னும் கூடியது. 85 என்பது வேலை செய்யும் இடங்களில் பெரியவர்களுக்கு, ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு என்று அமெரிக்க அரசின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை. குழந்தைகளுக்காகப் போட்ட எண்ணே இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட தரநிலை பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்கிறது, குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். டெசிபல் கணக்கில் 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. அப்படியென்றால் 75-இல் 40 மணி நேரம் கேட்கக்கூடிய குழந்தை, 85-இல் கேட்டால் 4 மணி நேரத்திலேயே அந்த வாரத்துக்கான அளவு முடிந்துவிடுகிறது. ஆசிரியர் பேசும் பேச்சு எந்நேரமும் உச்ச சத்தத்திலேயே இருக்காது, இடையில் நிறுத்துவார், மெதுவாகப் பேசுவார், அது உண்மைதான். ஆனாலும் தினமும் மணிக்கணக்கில் வகுப்பில் உட்காரும் குழந்தைக்கு "85, பாதுகாப்பானது" என்று எழுதி விற்பது நியாயமே இல்லை.

விற்றவரிடம் புகார் செய்தேன். முதலில் வந்த பதில்: "மேடம், இது குழந்தைகள் மாடல்தான், 85 டெசிபல்தான், நீங்கள் வால்யூமைக் குறைத்து வையுங்கள்." வால்யூமைக் குறைத்து வைக்க வேண்டியது நான்தான் என்றால் எந்த ஹெட்செட்டும் குழந்தைகள் ஹெட்செட்தானே? இரண்டு கேபிளையும் படம் எடுத்து, சத்தம் மாறுவதை வீடியோவாகவும் எடுத்து அனுப்பினேன். அதற்கு, "சத்தக் கட்டுப்பாட்டுக் கேபிள் பெட்டியில் உள்ளது என்று விவரத்தில் குறிப்பிட்டிருக்கிறோம்" என்றார்கள். போய்ப் பார்த்தால், படங்களெல்லாம் தாண்டி அடியில் ஒரு வரி இருக்கிறது. மைக் உள்ள கேபிளில் கட்டுப்பாடு கிடையாது என்று எங்குமே இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றதும் அடுத்த காரணம் வந்தது: காதில் படும் பொருள், பெட்டியைத் திறந்துவிட்டால் சுகாதாரக் காரணங்களுக்காகத் திரும்ப வாங்குவதில்லை. பெட்டியைத் திறக்காமல் ஒரு ஹெட்செட்டைச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்று கேட்டேன், அதற்குப் பதிலே இல்லை.

விடாமல் எழுதிக்கொண்டே இருந்தபோது, வேண்டுமானால் "இதைவிட மேலான" ப்ளூடூத் மாடல் ஒன்றை மாற்றித் தருகிறோம் என்றார்கள். அதில் கட்டுப்பாடு உள்ளேயே இருக்கிறது என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு சம்மதித்தேன். சத்த விஷயத்தில் அது பரவாயில்லை. ஆனால் வகுப்புக்கு அது உதவவே இல்லை. பாட்டுப் போட்டால் அருமையாக இருக்கும், வகுப்பில் சேர்ந்து மைக் ஆன் ஆன நொடியில் ஆசிரியரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டு எழுதும் பயிற்சியில் ஆசிரியர் "சிக்ஸ்" என்றால் இவன் "ஃபிக்ஸ்" என்று எழுதியிருக்கிறான், "சேல்" என்பதை "ஃபெயில்" என்று எழுதியிருக்கிறான். ஆசிரியர் கவனக்குறைவு என்று நினைத்துக் குறிப்பு எழுதி அனுப்பினார். பிள்ளை கவனமாகத்தான் கேட்டிருக்கிறான், அவன் காதுக்கு அந்த ஒலி வந்து சேரவே இல்லை.

பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்செட்டுகளில் கேட்பதற்கு ஒரு முறை, பேசுவதற்கு வேறொரு முறை இருக்கிறது. மைக்கைத் திறந்ததும் தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும். பழைய வகையில் அது ஒலியை நொடிக்கு 8,000 முறை மட்டும் அளந்து அனுப்பும், கொஞ்சம் நல்ல வகையில் 16,000 முறை. 8,000 என்றால் அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கீச்சென்ற ஒலி எதுவும் வராது. ஸ, ஃப போன்ற காற்றொலிகளைப் பிரித்துக் காட்டும் பகுதி பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. பெரியவர்கள் வாக்கியத்தின் போக்கை வைத்து விட்டதை நிரப்பிக்கொள்வோம். எழுத்தும் உச்சரிப்பும் இப்போதுதான் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு அது முடியாது. எல்.இ. ஆடியோ என்ற புதிய முறையில் இந்தக் குறை சரியாகிறது, ஆனால் ஹெட்செட், கம்ப்யூட்டர் இரண்டுமே அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னதும் விற்றவர் தந்த பதில், "உங்கள் லேப்டாப்பில்தான் கோளாறு மேடம்."

கடைசியில் கார்டு கொடுத்த வங்கியிடம், விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை என்று முறையிட்டுத்தான் பணம் திரும்பி வந்தது. வீடியோ, எழுத்தில் வாங்கிய உறுதி, அந்தப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் கையில் இருந்ததால்தான் அது நடந்தது. ஆகவே வாங்கும்போதே விற்பனைப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வாசகத்தை மாற்றிவிடுகிறார்கள். நடுவில், நான் போட்ட விமர்சனத்தை நீக்கினால் கொஞ்சம் பணம் தருவதாகவும் சொன்னார்கள். அப்போதுதான் அந்தப் பக்கத்தில் உள்ள மற்ற விமர்சனங்களை நிதானமாகப் படித்தேன். பாதிக்கு மேல் போன் உறையைப் பற்றியவை. பழைய பொருளின் பக்கத்திலேயே புதுப் பொருளை ஏற்றி, சேர்ந்திருந்த நட்சத்திரங்களை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நட்சத்திரத்தை எண்ணாமல், விமர்சனத்தோடு வரும் படங்களைப் பாருங்கள்.

இப்போது வகுப்புக்கு யு.எஸ்.பி. கம்பி ஹெட்செட். குழந்தைகளுக்கென்று விளம்பரம் எதுவும் இல்லாத, அலுவலக அழைப்புகளுக்காகச் செய்த சாதாரண வகை, தலைப்பட்டையைச் சின்னதாகச் சுருக்க முடிகிறது. அதற்குள்ளேயே ஒலி அட்டை (கம்ப்யூட்டரின் தகவலை ஒலியாக மாற்றும் சுற்று) இருப்பதால் துளை பொருந்துகிறதா என்ற கவலை இல்லை, மைக் திறந்தாலும் குரல் தெளிவாகவே இருக்கிறது. சத்தத்தை நானே மாட்டிப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து இயல்பாகப் பேசினால் எனக்குக் கேட்கிற அளவில் கம்ப்யூட்டரில் குறித்து வைத்திருக்கிறேன். தங்கை தூங்காத, நான் அழைப்பில் இல்லாத நேரங்களில் ஸ்பீக்கர்தான். ஒரு விஷயம்: அறையில் இரைச்சல் இருந்தால் குழந்தை தானாகவே வால்யூமை ஏற்றும். எனவே காதை முழுதாக மூடும் கிண்ணம் உள்ளதாகப் பாருங்கள், மேசையையும் சத்தம் குறைவான மூலைக்கு நகர்த்துங்கள்.

3.5 மி.மீ. பிளக் உள்ளது வாங்குகிறவர்கள் இதையும் கவனியுங்கள். மைக் சேர்ந்த பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். கம்ப்யூட்டரில் மைக்குக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என்று இரண்டு துளை இருந்தால் பிரிப்பான் கேபிள் தேவை. அந்தப் பிளக்கில் மைக்கும் தரைக் கம்பியும் (எல்லாவற்றுக்கும் பொதுவான இணைப்பு) இடம் மாறிய இரண்டு விதம் உண்டு. பொருந்தாத விதம் வந்துவிட்டால், பாட்டின் இசை ஏதோ கேட்கும், நடுவில் பேசுபவரின் குரல் மட்டும் காணாமல் போய்விடும். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பி வந்தால், சந்தேகமே வேண்டாம், அதுதான் கோளாறு. கேம் ஹெட்செட் என்று வண்ண விளக்கோடு வருபவை சிலவற்றில் யு.எஸ்.பி. இருப்பது விளக்குக்கு மட்டும்தான், ஒலி வருவது 3.5 வழியாக. அதைப் பார்த்து யு.எஸ்.பி. ஹெட்செட் என்று வாங்கிவிடாதீர்கள். "இரைச்சல் நீக்கும்" என்று போட்டிருந்தால், அது குழந்தையின் காதுக்கா, மைக்குக்கா என்று கேளுங்கள். மைக்குக்கு என்றால் ஆசிரியருக்குத்தான் வசதி, உங்கள் பிள்ளைக்கு வெளிச்சத்தம் அப்படியேதான் கேட்கும்.

எது வாங்கினாலும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், குழந்தை உண்மையில் பயன்படுத்தப்போகும் அதே கம்ப்யூட்டரில், மைக் ஆன் செய்த நிலையில், உச்ச வால்யூமில் நீங்கள் மாட்டிப் பாருங்கள். முதலில் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக் கேளுங்கள். உங்களுக்கே கூசினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தெரிந்த ஒருவரை வீடியோ அழைப்பில் வரச் சொல்லி, காற்றொலி வரும் சொற்கள் சிலவற்றைப் படிக்கச் செய்து, குழந்தையைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே இரண்டு கேபிளோடு வந்த ஹெட்செட் உங்கள் வீட்டில் இருந்தால், நாளை வகுப்பு தொடங்குவதற்கு முன் எந்தக் கேபிள் செருகியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.