நெடுந்தீவுக்கு எந்தப் படகு?

ரொறன்ரோவில் நான் புறப்பட்ட அன்று அம்மா ஒரேயொரு கட்டளைதான் இட்டார். "நெடுந்தீவுக்குப் போவதென்றால் போ. படகில் கீழே மட்டும் இறங்காதே. மேல்தட்டிலேயே இரு." யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் அந்தத் தீவை விட்டு அவர் என்னையும் தூக்கிக்கொண்டு வெளியேறியது 1986இல். அதன் பிறகு எந்தப் படகிலும் ஏறியதில்லை. நயாகராவில் நாங்கள் எல்லோரும் நனைந்து கூச்சலிட்டுக்கொண்டு போன சுற்றுலாப் படகில்கூட ஏறாமல், கரையில் எங்கள் பைகளுக்குக் காவல் இருந்தவர்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போனேன். 1990இல் நின்றுபோன சேவை 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. ஆசனம் வசதி. குளிரூட்டி தேவைக்கு மேல் வேலை செய்தது, ஒரு சால்வை எடுத்துப் போங்கள். குறை சொல்வதென்றால் தங்குமிடத்தைத்தான் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். தொலைபேசியில் தமிழில் பேசி முடித்த வாடகை, என் கனடாக் கடவுச்சீட்டைக் கண்டதும் டொலருக்கு மாறி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. நான் தமிழில் கேட்கக் கேட்க, மேசையில் இருந்த பிள்ளை ஆங்கிலத்திலேயே பதில் சொன்னான். "தம்பி, நான் நெடுந்தீவில் பிறந்தவன்" என்றேன். விலை இறங்கவில்லை. ஒரு தேநீர் மட்டும் இலவசமாக வந்தது.

மறுநாள் விடியற்காலையில் பஸ் நிலையத்துக்கு அருகில் இடியப்பமும் சொதியும் சம்பலும். அந்தச் சொதிக்காக அந்தத் தங்குமிடத்தை மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. படகுத்துறை இருக்கும் குறிகாட்டுவானுக்குப் போகும் 776ஆம் இலக்க பஸ்ஸில் யன்னலோர இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பண்ணைத் தாம்போதியில் ஒருமுறை, வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியில் ஒருமுறை என்று இருபுறமும் கடல் விரியும். முழங்கால் அளவு தண்ணீரில், மீன்பிடிக்கும் களங்கண்டி வலைகளின் கம்புகள் வரிசையாக நிற்கும். புங்குடுதீவில் கூரையில்லாத வீடுகள் வரத் தொடங்கியதும் பஸ்ஸுக்குள் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கைப்பேசியை இறக்கிவிட்டார்கள். அழகான சுவர்கள்தான், ஆனால் உள்ளே மரம் முளைத்திருந்தது.

குறிகாட்டுவானில் இரண்டு கூட்டம். நயினாதீவுக்குப் போகிறவர்கள் பூவும் அர்ச்சனைத் தட்டுமாக ஒரு பக்கம். நெடுந்தீவுப் பக்கத்தில் சீமெந்து மூட்டை, வெங்காயச் சாக்கு, கோழிக்குஞ்சுப் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே நாங்கள். கடல் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நேரங்கள் மாறும் என்பதால், திரும்பும் படகு எப்போது என்று துறையிலேயே கேட்டுவிட்டு ஏறுங்கள். தவறவிட்டால் இரவு தீவில்தான்.

அம்மா சொன்னதுபோல மேல்தட்டில் இடம் பிடித்தேன். அலை கொஞ்சம் எழும்பியதும், எக்ஸ்றே உறையை மார்போடு அணைத்தபடி நின்ற ஒரு வயதான அம்மாவுக்கு இடம் கொடுத்தேன். யாழ்ப்பாணத்தில் வைத்தியரைப் பார்க்கப் போய், கடைசிப் படகைத் தவறவிட்டு, இரண்டு இரவுகள் பெறாமகள் வீட்டில் தங்கிவிட்டு வருகிறாராம். "சனி ஞாயிறு என்றால் உங்களைப் போல் பார்க்க வருகிற ஆட்கள் கூட, தம்பி. எங்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். அன்று சனிக்கிழமை. நீங்கள் போவதானால் வார நாளில் போங்கள்.

இடத்தைக் கொடுத்த பிறகு எனக்குக் கீழேதான் இடம். சிறிய யன்னல், எஞ்சின் இரைச்சல், டீசல் வாடை. 1985 மே 15 அன்று இதே கடலில், நெடுந்தீவுக்கு ஓடிய குமுதினி என்ற படகை மறித்து, குழந்தைகள் உட்படப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். அம்மாவின் சிநேகிதி ஒருவரும் அந்தப் படகில் இருந்தார். அதே குமுதினி பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. தீவுக்காரருக்கு ஏறுவதைத் தவிர வழி இருக்கவில்லை. அரை மணி நேரம் நான் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோக்காரத் தம்பி ஓர் அட்டையை நீட்டினான். மட்டக்குதிரை, பெருக்கு மரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு. மூன்று மணி நேரம், இவ்வளவு. கொஞ்சம் அதிகம் என்றேன். "பெற்றோலும் உங்களோடு படகில்தான் வந்தது, அண்ணை." மறுபேச்சில்லை. துறையடியில் இருக்கும் குமுதினி நினைவிடம் அட்டையில் இல்லை. இறங்கிய கூட்டம் அதைத் தாண்டித்தான் ஓட்டோக்களுக்கு ஓடியது. நான் நின்றபோது அவன் எதுவும் கேட்காமல் எஞ்சினை அணைத்தான்.

குதிரைகள் மெலிந்திருந்தன, மழை இல்லாத மாதம். கோட்டையை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்தேன். பிறகு அம்மாவின் வளவைத் தேடினோம். அவனும் அலுக்காமல் நான்கு வீடுகளில் விசாரித்தான். வீடு இல்லை, கிணறு இருந்தது, மதில் இருந்தது. பவளப்பாறையான முருகைக்கல்லைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இடுப்பளவு மதில். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் கடலுக்குள் இருந்த காலத்துப் பூக்கள், வெள்ளை வெள்ளையாக, நகம் அளவில். ஒரு கல்லைத் தொட்டதும் பக்கத்துக் கல் அசைந்தது, கையை எடுத்துவிட்டேன். அட்டையில் இல்லாத அந்த ஒரு மணி நேரத்துக்கு அவன் ஒரு ரூபாயும் கூடுதலாக வாங்கவில்லை.

இரவு அம்மாவை அழைத்தேன். மதிலைப் பற்றிச் சொன்னேன், கிணற்றில் தண்ணீர் இருந்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேலேதானே இருந்தாய்?" என்றார்.

"மேலேதான், அம்மா" என்றேன்.