சைக்கிள் ரேக்: கடைக்காரர் காட்டும் பூட்டு எதைப் பூட்டுகிறது என்று பாருங்கள்

காரின் பின்னால் ஹிட்ச்சில் (டிரெய்லர் இழுக்க வண்டியின் அடியில் பொருத்தும் இரும்புச் சட்டம்) செருகும் சைக்கிள் ரேக் வாங்கப் போகிறவர்களும், வாங்கி வண்டியிலேயே விட்டுவைத்திருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு ஒரு தடவை வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். என் ரேக் திருடு போய்விட்டது. திருடனைவிட அதை விற்ற கடை மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

வாங்கும்போது நான் கேட்டது ஒரே கேள்விதான். அடிக்கடி சைக்கிள் எடுத்துக்கொண்டு போகிற ஆள் நான், ஒவ்வொரு தடவையும் அந்தக் கனத்தைக் கழற்றி மாட்ட முடியாது, வண்டியிலேயே விட்டால் பத்திரமா? "பூட்டு இருக்கு சார், ஒண்ணும் ஆகாது" என்றார் விற்பனையாளர். சாவி போட்டுப் பூட்டித் திறந்தும் காட்டினார். வண்டியில் மாட்டிக் கொடுத்ததும் அவர்கள் ஆள்தான், அதற்குத் தனிக் கூலி. பில்லிலும் 'பூட்டுடன்' என்று இருந்தது.

திருடு போனபோது சைக்கிள் எதுவும் மாட்டியிருக்கவில்லை. ரேக்கின் தண்டைச் செருகும் ரிசீவர் குழாய் காலி. தரையில் வளைந்த கிளிப் ஒன்று மட்டும் கிடந்தது. அறுத்த தூள் இல்லை, நெம்பிய கீறல் இல்லை. எதையும் உடைக்க வேண்டிய அவசியமே அவனுக்கு இருக்கவில்லை.

விஷயம் இதுதான். இந்த வகை ரேக்கில் பூட்ட வேண்டிய இடம் இரண்டு. சைக்கிளை ரேக்கோடு பிடித்து வைப்பது ஒன்று, ரேக்கை வண்டியோடு பிடித்து வைப்பது இன்னொன்று. எனக்குக் காட்டிய பூட்டு முதல் வேலைக்கு. இரண்டாவது இடத்தில் இருந்தது குழாய்க்கும் தண்டுக்கும் குறுக்கே செருகிய 'ஹிட்ச் பின்' என்கிற சாதாரண இரும்பு முளை, அதன் முனையில் ஒரு கிளிப். ஊக்கைக் கழற்றுகிற மாதிரி கிளிப்பை உருவி, பின்னை வெளியே தள்ளி, ரேக்கை இழுத்தால் வந்துவிடும். ஒரு கருவியும் வேண்டாம். ரேக் பெட்டிக்குள் பல சமயம் இதைத்தான் வைத்து அனுப்புகிறார்கள்; அதன் வேலை ஓடும்போது ரேக் கழன்றுவிடாமல் பார்ப்பது, திருட்டைத் தடுப்பது அல்ல.

கடையில் போய்க் கேட்டதற்கு, "அது சைக்கிளுக்கான பூட்டு சார், ரேக்குக்குத் தனியா வாங்கணும்" என்று சொல்லி மேஜைக்குள்ளிருந்து பூட்டுள்ள ஹிட்ச் பின் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அதை அன்றைக்கே காட்டியிருக்கலாமே என்றேன். அதற்கு, பயன்படுத்தாதபோது கழற்றி வைக்கும்படி மேனுவலில் போட்டிருக்கிறதாம். போட்டிருப்பது உண்மைதான். ஆனால் வண்டியிலேயே விடலாமா என்று நான் வாய்விட்டுக் கேட்டபோது மேனுவல் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. உத்தரவாதத்தில் திருட்டு சேராது என்றார்கள்; அது பொதுவாகச் சேராதுதான், அதைப் பற்றி நான் சண்டை போடவில்லை.

பூட்டுள்ள பின் வாங்கும்போது அளவு பாருங்கள். 2 அங்குல ரிசீவருக்கு வழக்கமாக 5/8 அங்குலப் பின், 1¼ அங்குல ரிசீவருக்கு ½ அங்குலம். மெல்லியதைப் பெரிய துளையில் போட்டாலும் உள்ளே போய்விடும், ஆனால் தடதடவென்று ஆடும். சில ரேக்குகளில் பின்னுக்குப் பதில் மரையுள்ள போல்ட் வரும். அப்படியானால் அந்த ரேக்குக்கென்றே உள்ள பூட்டுதான் பொருந்தும். சாவித் துளைக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும். மழையும் மண்ணும் புகுந்தால் பூட்டு இறுகி, கடைசியில் நீங்களே அறுத்தெடுக்க வேண்டியிருக்கும்.

பூட்டு போட்டதோடு வேலை முடியவில்லை. பல ரேக்குகளில் மேல்பகுதி முழுவதும் சில போல்ட்டுகளால்தான் அடித்தண்டோடு சேர்ந்திருக்கிறது. ஆலன் கீ வைத்திருப்பவன் பூட்டைத் தொடாமலே அவற்றைக் கழற்றி, தண்டை மட்டும் உங்களுக்கு விட்டுவிட்டுப் போகலாம். அந்த போல்ட்டுகளைச் சாதாரணச் சாவியால் திருக முடியாத பாதுகாப்பு போல்ட்டுகளாக மாற்றலாம். மாற்ற முடியாவிட்டால், ரேக்கின் மேல்பகுதிச் சட்டத்துக்குள் தடித்த சங்கிலி ஒன்றை நுழைத்து, ஹிட்ச்சில் டிரெய்லர் சங்கிலிக்காக இருக்கும் வளையத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். ரேக்கோடு வரும் மெல்லிய கேபிளை இதற்கு நம்ப வேண்டாம், கையடக்க கட்டர் போதும் அதற்கு. காசு செலவில்லாத வழியும் உண்டு: ரேக்கை மடக்கி, வண்டியைச் சுவரோடு ஒட்டப் பின்னுக்கு நிறுத்துவது. தண்டு வெளியே வர இடமில்லாவிட்டால் உருவ முடியாது.

டிக்கிக் கதவில் பெல்ட் போட்டுக் கட்டும் ரேக்கென்றால் விட்டுவைக்கும் யோசனையே வேண்டாம். பெல்ட்டை ஒரு கத்தி அறுத்துவிடும். கூரை ரேக்கில் வேறொரு வேடிக்கை: சில பூட்டுகளின் முகத்திலேயே சாவி எண் பொறித்திருக்கும், அந்த எண்ணைக் கொடுத்து யார் வேண்டுமானாலும் மாற்றுச் சாவி வாங்கிவிடலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு, பூட்டில் இருப்பதை மறைத்துவிடுங்கள்.

அப்புறம் காப்பீடு. வெளியே மாட்டுகிற துணைப் பொருள் வண்டிக் காப்பீட்டில் தானாகச் சேரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டியிருக்கலாம், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ரேக்கின் வரிசை எண், பில், மாட்டிய நிலையில் ஒரு படம், மூன்றும் போனில் இருக்கட்டும். போலீஸிலும் முதலில் கேட்டது வரிசை எண்ணைத்தான்.

கடையிடம் பில் நகலோடு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். எழுத்தில் பதில் வரவில்லை. போனில் மட்டும், தள்ளுபடியில் புது ரேக் தருகிறோம் என்றார்கள். அந்தப் பூட்டுள்ள பின் அதில் சேருமா என்று கேட்டேன். அது தனி என்றார்கள்.