நிறம் மாறும் நீலக்கல்லும் என் அக்காவின் 425,000 ரூபாவும்

கொழும்பில் நிறம் மாறும் கல் வாங்க யாராவது நினைத்திருந்தால், காசை எடுக்க முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். நான் ஏமாந்தது அவசரத்தால் என்று என் மகன் சொல்கிறான். அவசரப்படவில்லை. மூன்று கிழமை யோசித்து, நாலு தரம் போய்ப் பார்த்துத்தான் வாங்கினேன். பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

காசு என்னுடையதுகூட இல்லை. கனடாவில் இருக்கும் அக்காவின் 25 ஆவது திருமண நாளுக்கு அத்தான் ஒரு மோதிரம் செய்துகொடுக்க நினைத்தார். யாரோ கையில் அலெக்சாண்ட்ரைட் என்ற கல்லைப் பார்த்திருக்கிறார்கள். பகலில் பச்சை, இரவில் சிவப்பு. "இலங்கையில எடுக்கலாம்தானே, நீ ஒருக்கா விசாரிச்சுப் பார்" என்று அக்கா சொன்னாள். எனக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும்? நவரத்தினத்தில் வைடூரியம் தெரியும். அலெக்சாண்ட்ரைட்டும் வைடூரியமும் ஒரே கனிம வகை என்பதையே அந்தத் தரகர்தான் சொல்லித் தந்தார். அது உண்மை. இந்தக் கதையில் உள்ள வில்லங்கமே அதுதான், அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை.

வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் இருக்கும் ஒருவர்தான் அவரை அறிமுகப்படுத்தினார். கடை இல்லை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், வாடகை மாடி ஒன்றின் முன்னறை. மேசையில் வெள்ளைத் துணி, ஒரு குண்டு பல்ப் விளக்கு, ஒளிமுறிவு பார்க்கும் சின்னக் கருவி, தராசு. என்னை "ரீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். நான் படிப்பிப்பதை யாரோ முதலே சொல்லியிருக்க வேண்டும்.

முதல் நாளே அலெக்சாண்ட்ரைட் வேண்டாம் என்று அவரே சொன்னார். "நல்லது உங்கட காசுக்கு வராது ரீச்சர். எங்கட நாட்டில வாறது பகலில பாசி நிறம் மாதிரி, இரவில மண்சிவப்பு. அதுக்கும் பெரிய விலை. நான் உங்களுக்கு நிறம் மாறும் நீலக்கல் காட்டுறன்." விற்க வந்த மனுஷன் விலை கூடியதை வேண்டாம் என்கிறானே என்று எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. இப்போது யோசித்தால், அவர் கல்லை விற்க முன் தன்னை விற்றிருக்கிறார்.

கல் 2.41 கரட், நீள்வட்டம். ஜன்னல் பக்கம் வைத்தால் சாம்பல் கலந்த நீலம். குண்டு பல்ப்பின் கீழ் கொண்டுபோனால் இளஞ்சிவப்பு கலந்த ஊதா. கண் முன்னால் புரண்டது. அவர் கருவியில் வைத்து அளவையும் காட்டினார், 1.76க்கும் 1.77க்கும் இடையில். "பாருங்கோ, கண்ணாடி எண்டால் இது வராது. இது கொரண்டம். நீலக்கல்லும் மாணிக்கமும் இதுதான்." அதுவும் உண்மை. ஆறு லட்சம் கேட்டார், நாலேகாலுக்கு இறங்கினார். கூடவே ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதில் கல்லின் படம், எடை, 'கொரண்டம், நிறம் மாறும் வகை' என்று ஆங்கிலத்தில். நான் மூன்று தரம் வாசித்தேன். இருந்த சொற்களைத்தான் வாசித்தேன், இல்லாத சொல் கண்ணில் படவில்லை. 'இயற்கை' என்ற சொல் அந்த அட்டையில் எங்குமே இல்லை.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் கல் மாறவில்லை. பகலிலும் சாம்பல் நீலம், இரவிலும் ஏறக்குறைய அதே. நெஞ்சு பதறி வட்ஸ்அப்பில் எடுத்தேன். "உங்கட வீட்டில எல்ஈடி பல்ப்தானே? அதில சரியா மாறாது ரீச்சர். விளக்குக் கொளுத்திப் பாருங்கோ" என்றார். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு ஏற்றிவிட்டு அதன் முன் பிடித்தேன். ஊதாப் பூ மாதிரி மலர்ந்தது. மாமி கையெடுத்துக் கும்பிட்டார். வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவள் அங்கே அழுதாளாம்.

எல்ஈடி பற்றி அவர் சொன்னதும் சரிதான். பகல் வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் நிறைய இருக்கும், குண்டு பல்ப்பிலும் சுவாலையிலும் சிவப்புத்தான் அதிகம். இந்த வகைக் கற்கள் நடுவில் உள்ள மஞ்சள் பகுதியை விழுங்கிவிட்டு இரண்டு பக்கத்தையும் விடும். எந்த வெளிச்சம் விழுகிறதோ அந்தப் பக்கம் சாயும். அலெக்சாண்ட்ரைட்டில் இந்த வேலையைச் செய்வது குரோமியம், நீலக்கல்லில் வனேடியமோ குரோமியமோ. எல்ஈடியில் மஞ்சளாகத் தெரியும் பல்ப்பிலும் உள்ளே நீலம் தூக்கலாக இருக்கும், அதனால் கல் இரண்டுங்கெட்டானாக நிற்கும். இவ்வளவையும் பிறகுதான் படித்தேன். காசு போன பிறகு வரும் அறிவுக்கு ஆழம் அதிகம்.

செட்டியார் தெருவில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஆசாரி ஒருவர் இருக்கிறார். அம்மாவின் தாலிக்கொடியே அவருடைய தகப்பன் செய்ததுதான். மோதிரம் கட்டக் கல்லைக் கொண்டுபோனேன். லென்ஸை கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பேசவில்லை. பிறகு அளவுகோலை எடுத்து அளந்தார். 9க்கு 7 மில்லிமீற்றர், அச்சொட்டாக.

"எங்க பிள்ளை எடுத்தனீ?"

சொன்னேன்.

"உள்ளுக்கு ஒண்டுமே இல்லை. வெட்டும் மெசினில வெட்டினது மாதிரி. எங்கட ஆக்கள் வெட்டினால் எடை போகக் கூடாதெண்டு அடியில தொப்பை விடுவினம். முதல்ல பரிசோதிச்சுக்கொண்டு வா. அதுக்கு முன்னம் நான் தங்கத்தில வைக்க மாட்டன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. நல்ல வெட்டு என்றால் குறையா? சுத்தமான கல் என்றால் குறையா? ஆனால் அவர் சொன்னது அதில்லை. இரண்டரைக் கரட்டுக்குக் கிட்டிய ஒரு கல், அதுவும் நிறம் பலமாக மாறுவது, துளி மாசில்லாமல், நகையில் கட்டுவதற்கென்று வெட்டும் நியம அளவில் பிசகில்லாமல், இந்த விலைக்கு ஏன் என் கைக்கு வர வேண்டும்? இந்தக் கேள்வியை நான் மூன்று கிழமையில் ஒருதரமும் கேட்கவில்லை.

என் பழைய மாணவி ஒருத்தி இரத்தினக்கல் துறையில் படித்துவிட்டு ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். அவளிடம் கொண்டுபோனேன். ஒளிமுறிவு பார்த்தாள், சரி. தண்ணீரில் நிறுத்து அடர்த்தி பார்த்தாள், 4.00, அதுவும் சரி. என் முகம் தெளிந்துவிட்டது. "பொறுங்கோ ரீச்சர், இது ரெண்டும் எதையும் சொல்லாது" என்று சொல்லிவிட்டுக் கல்லை ஒரு திரவத்தில் அமிழ்த்தி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாள். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னாள்.

தோசைக்கல்லில் மாவை அகப்பையால் சுழற்றும்போது வளைவு வளைவாக வரி விழுமே, அப்படி வரிகள். மெல்லியவை, ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் ஒரே பக்கம் வளைந்து. ஓரிடத்தில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக இரண்டு குமிழிகள்.

மண்ணுக்குள் வளர்ந்த நீலக்கல்லில் வரி இருந்தால் நேராக இருக்குமாம், மூலை மடிந்து அறுகோணமாக. வளையவே வளையாதாம். வளைந்த வரி என்றால் அது உருக்கி வார்த்த கல். பிரெஞ்சு இரசாயனவியலாளர் வெர்னூய் 1902 இல் வெளியிட்ட முறை இது. அலுமினியம் ஒட்சைட்டுத் தூளை ஐதரசன்–ஒட்சிசன் சுவாலைக்குள் தூவ, அது உருகிச் சொட்டி ஒரு கட்டியாக வளர்கிறது. கொஞ்சம் வனேடியம் சேர்த்தால் நிறம் மாறும். நூறு வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்க இதை அலெக்சாண்ட்ரைட் என்று சொல்லி விற்றுக்கொண்டிருக்கிறார்கள். நிறமாலை பார்க்கும் குழாயில் 475 நானோமீற்றரில் ஒரு மெல்லிய கருங்கோட்டையும் காட்டினாள், இந்த வார்ப்புக் கல்லின் அடையாளமாம் அது. இந்தக் கல் பச்சையாகவே மாறாது என்பதையும் அவள்தான் சொன்னாள், சாம்பல் நீலத்திலிருந்து ஊதாவுக்குத்தான் போகும். பச்சை வராத கல்லை அலெக்சாண்ட்ரைட் என்று சொன்னால் கொஞ்சம் விபரம் தெரிந்தவர்கள் சந்தேகப்படுவார்கள். அதனால்தான் எனக்கு 'நிறம் மாறும் நீலக்கல்' என்ற பெயரில் விற்றார். உண்மையான இலங்கைக் கல்லும் நீலத்திலிருந்து ஊதாவுக்குத்தானே மாறுகிறது.

இரசாயனப்படி இதுவும் கொரண்டம்தான். கடினமும் 9தான். கருவி பொய் சொல்லவில்லை, அட்டையும் பொய் சொல்லவில்லை. நான்தான் நிறம் மாறுகிறதா, நிறம் மாறுகிறதா என்று விளக்கு விளக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வார்ப்புக் கல் அந்தப் பரீட்சையில் எப்போதும் நூற்றுக்கு நூறு எடுக்கும். அதைச் செய்ததே அதற்காகத்தான்.

"என்ன விலை போகும்?" என்று கேட்டேன். அவள் சொல்ல மனமில்லாமல் நின்றாள். பிறகு, சில டொலர் என்றாள். முழுக் கல்லுக்கும்.

தரகரிடம் போனேன். அவர் சத்தம் போடவில்லை. "நான் கொரண்டம் எண்டுதானே சொன்னனான்? அட்டையில பாருங்கோ" என்றார். பில்லைக் காட்டினேன். அதில் 'கல் 1' என்று மட்டும் இருந்தது. வகை இல்லை, எடை இல்லை, அவருடைய அனுமதிப்பத்திர இலக்கம் இல்லை. அடுத்த கிழமை போன் எடுக்கவில்லை. பிறகு அந்த முன்னறையில் வேறு குடும்பம் இருந்தது. அறிமுகப்படுத்தியவர் வெட்கப்பட்டுத் தன் கையிலிருந்து ஐம்பதாயிரம் தந்தார். வாங்க மனமில்லை, வாங்கினேன்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. காசு கொடுக்க முன் பரிசோதனை, கொடுத்த பிறகு அல்ல. அதுவும் விற்பவர் கூட்டிப்போகும் இடத்தில் அல்ல, நீங்கள் தெரிந்தெடுக்கும் இடத்தில். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபைக்குக் கொழும்பிலேயே பரிசோதனைக்கூடம் இருக்கிறது. கல் விற்பவர் அந்த அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள். நேர்மையான வியாபாரி ஒரு முற்பணத்தை வாங்கிக்கொண்டு உங்களோடு கூடவே வருவார். "பரிசோதிச்சால் நேரம் போகும், இன்னொரு ஆள் பார்த்துக்கொண்டு நிக்கிறார்" என்றால் அந்த இன்னொரு ஆளுக்கே கொடுக்கட்டும். அறிக்கையில் 'இயற்கை' என்ற சொல்லைத் தேடுங்கள். அது இருந்தால், நிறத்தை மேம்படுத்தக் கல்லுக்குச் சூடு காட்டியதா இல்லையா என்றும் எழுதியிருக்கிறதா பாருங்கள், விலை அதிலும் நிற்கிறது. பில்லில் வகை, எடை, இயற்கை என்ற மூன்றும் வர வேண்டும். நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்க நினைத்தால்கூட, 'கல் 1' என்ற பில்லை வைத்துக்கொண்டு என்ன சொல்வது?

நல்ல கல்லா என்பது அதற்குப் பிறகுதான். வெயில் நேராக விழாத ஜன்னலோரம் ஒருதரம், குண்டு பல்ப்பில் அல்லது மெழுகுதிரியில் ஒருதரம். இரண்டு நிறமும் அழகாக இருக்க வேண்டும். பலர் மாற்றத்தின் பலத்தை மட்டும் பார்க்கிறார்கள். நாளின் முக்கால்வாசி நேரம் பகல் நிறத்தைத்தானே கையில் பார்க்கப் போகிறீர்கள், அது சேற்றுநிறமாக இருந்தால் என்ன பயன்? கல்லை எழுத்தின் மேல் வைத்து நேராகப் பாருங்கள். நடுவில் எழுத்துத் தெரிந்தால் வெட்டு சரியில்லை, ஒளி திரும்பி வராமல் ஓடிவிடுகிறது. அடித்தொப்பைக்கும் கரட் கணக்கில்தான் காசு கொடுக்கிறீர்கள் என்பதையும் மறக்காதீர்கள். உள்ளே மெல்லிய ஊசிகளோ கைரேகை போன்ற படலமோ இருந்தால் பயந்துவிடாதீர்கள். எனக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அக்காவிடம் சொல்ல எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. அத்தான்தான் அந்த வீடியோவை அழிக்கச் சொன்னார்.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. போன கிழமை தெகிவளையில் என்னோடு படிப்பிக்கும் ஒருவரின் தங்கைக்கு யாரோ கல் காட்டியிருக்கிறார். நீள்வட்டம், 9க்கு 7, ஊதாவுக்கு மாறுகிறது. அலெக்சாண்ட்ரைட் உங்கள் காசுக்கு வராது என்று முதலில் சொன்னாராம். அவளையும் பார்த்தவுடன் 'ரீச்சர்' என்றுதான் கூப்பிட்டாராம், அவள் வங்கியில் வேலை செய்கிறாள். முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை.