ஏர் சஸ்பென்ஷன் கோளாறு: சோப்புத் தண்ணீரா, ஸ்கேனரா, போமனா?

2005 முதல் 2013 வரை வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் டபிள்யூ221, கோலாலம்பூரில் இப்போது ஒரு புது பெரோடுவா மைவி சின்னக் காடியின் விலைக்கு அக்கம்பக்கத்திலேயே கிடைக்கிறது. காடி மலிவுதான். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற ரப்பர் காற்றுப் பைகள்தான் மலிவில்லை. காலையில் போர்ச்சில் பார்த்தால் ஒரு மூலை மட்டும் சக்கரத்தின் மேல் படுத்துக் கிடக்கும். செந்தூலில் என் வீட்டிலும் இது நடந்தது. காற்று எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. அளவு நாடாவும் சோப்புத் தண்ணீரும் ஒன்று, ஸ்கேனர் ஒன்று, நேராகப் பட்டறையில் போமனிடம் (மெக்கானிக்) விடுவது ஒன்று. நான் முதல் வழியின் பக்கம்.

பட்டறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நல்ல போமன் அமைந்தால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஆனால் மெதுவான லீக், இரவு முழுக்க நின்றால்தான் வெளியே தெரியும். பட்டறையில் காடி பகலில் நிற்கிறது, அதுவும் லிஃப்டில் தூக்கியபடி. சக்கரம் தொங்கும்போது பை நீண்டு, அதன் மடிப்பு வேறு இடத்துக்குப் போய்விடும். தரையில் நிற்கும்போது மடிப்பில் விரிகிற வெடிப்பு, தூக்கினதும் மூடிக்கொள்ளலாம். அப்புறம், பைகளுக்குக் காற்றை அடிக்கிற கம்ப்ரசரைப் பற்றிப் போமனோடு பேச்சு இப்படிப் போகும்:

“பாஸ், கம்ப்ரசர் போச்சு. மாத்திடலாம்.”

“லீக் எங்கேனு பாத்தீங்களா பாஸ்?”

“ஸ்கேன்ல கம்ப்ரசர்னுதான் வருது.”

இந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்கேனர் பொய் சொல்லவில்லை, ஆனால் அது சொல்வது விளைவை. காடியின் கன்ட்ரோல் யூனிட்டுக்குப் பையில் ஓட்டை இருப்பது தெரியாது. இவ்வளவு நேரத்துக்குள் இந்த மூலை இவ்வளவு உயர வேண்டும் என்ற கணக்குதான் அதற்குத் தெரியும். உயரவில்லை என்றால் ‘உயர்த்த அதிக நேரம் ஆகிறது’ என்ற ரகத்தில் ஒரு கோடு (பிழைக் குறியீடு) எழுதி வைக்கும். அதைப் படிப்பவர் கண்ணுக்குக் கம்ப்ரசர்தான் குற்றவாளி.

உண்மையில் கம்ப்ரசர் பல நேரம் இரண்டாவதாக அடிபடுகிற ஆள். அது விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட சின்ன மோட்டார். சூடு ஏறினால் தானே நின்றுகொள்ளும். பையில் லீக் இருந்தால் தினமும் காலையில் இறங்கிய காடியைத் தூக்க நீண்ட நேரம் ஓடும், வழியிலும் அடிக்கடி ஓடும். பிஸ்டன் ரிங் தேயும், காற்றைத் தள்ளும் தெம்பு குறையும், அப்போது கோடு வரும். லீக்கை விட்டுவிட்டுப் புதுக் கம்ப்ரசர் போட்டால் சில வாரம் காடி ஜோராக நிற்கும். அப்புறம் புதியதும் பழையதன் வழியே போகும். உதிரிபாகக் கடைகளில் மின்சாரப் பொருளைப் பொதுவாகத் திருப்பி எடுப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் ஊர்க் காற்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. கோலாலம்பூரில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். கம்ப்ரசர் இழுக்கும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்ச ஒரு டிரையர் உண்டு, உள்ளே உலர்த்தும் மணிகள். காடி இறங்கும்போது வெளியேறும் உலர்ந்த காற்றுதான் அந்த மணிகளைத் திரும்பக் காய வைக்கும். லீக் இருந்தால் காற்று பை வழியாகவே போய்விடும், டிரையர் பக்கம் வராது. மணிகள் ஊறிப்போனால் ஈரம், ஒவ்வொரு பைக்கும் காற்றைப் பிரித்து விடுகிற வால்வு பிளாக்குக்குள் போய் அதையும் கெடுக்கும். ஆக, ஒரு சின்ன லீக்கிலிருந்து மூன்று பாகம் போகிறது. முதலில் லீக்கைத் தேடு என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

தேடும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். காடியைச் சமதளத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று கணக்கைக் குழப்பும். காலையில் திரும்ப அளக்கும்போது கதவைத் திறக்கவே கூடாது, ரிமோட்டையும் அமுக்கக் கூடாது. கதவு திறந்தால் கன்ட்ரோல் யூனிட் விழித்துக்கொண்டு, சேமிப்புத் தொட்டியில் இருக்கும் காற்றைக் கொண்டு மட்டத்தைச் சரிசெய்யப் பார்க்கும், உங்கள் அளவு வீணாகும். ஒருபடி மேலே போக வேண்டுமானால் இரவே ஏர் சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். கோடு ஒன்று பதிவாகும், பரவாயில்லை.

நான்கு மூலையும் சில மில்லிமீட்டர் சமமாக இறங்கினால் கவலை இல்லை. இராத்திரிக் குளிர்ச்சியில் காற்று சுருங்குவதுதான். ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்தப் பை, அதன் குழாய், அல்லது வால்வு பிளாக்கில் அதற்கான வால்வு. ஓர் அச்சின் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கினால் வால்வு பிளாக்கின் மேல் சந்தேகம் கூடும்.

அப்புறம் சோப்பு. பாத்திரம் கழுவும் திரவத்தைக் கெட்டியாகக் கலந்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் குழாய் சேருமிடத்தில் தடவி, கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். பெரிய லீக் என்றால் குமிழி வெடிக்கும். சின்ன லீக் அப்படிக் காட்டாது, வெள்ளை நுரை சோறு பொங்குவதுபோல நிதானமாக எழும்பும். பின்பக்கப் பையின் அடிமடிப்பு, முன் ஸ்ட்ரட்டின் (பையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) உச்சியில் குழாய் நுழையும் நட்டு, வால்வு பிளாக்கின் ஒவ்வொரு இணைப்பு என்று வரிசையாகப் பாருங்கள். மட்டத்தை ஒருமுறை சாதாரணமாகவும் ஒருமுறை உயர்த்தியும் வைத்துப் பாருங்கள். உயரம் மாறினால் மடிப்பும் மாறும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். காற்றை நம்பிக் காடிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் பத்து பார் (bar) அளவுக்கு மேலே போகும், ஒரு வால்வு திறந்தால் காடி நொடியில் இறங்கும். ஜாக் ஸ்டாண்டு போட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

இந்த வழிக்கும் குறை உண்டு. முன் ஸ்ட்ரட்டில் பையின் பெரும்பகுதி உறைக்குள் மறைந்திருக்கும். நுரை வரவில்லை என்பதற்காக லீக் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அங்கே அளவு நாடாவின் கணக்கைத்தான் நம்ப வேண்டும்.

ஸ்கேனர் எங்கே ஜெயிக்கிறது? மின்சாரப் பக்கத்தில். உயரம் பார்க்கும் சென்சார் கெட்டால் லீக் இல்லாமலே ஒரு மூலை தாழ்ந்தோ தூக்கியோ நிற்கும். அதை லைவ் டேட்டாவில் நிமிடத்தில் பார்க்கலாம். வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்க்கவும் முடியும். ஆனால் ஷோப்பியில் ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும் புளூடூத் ஈஎல்எம்327 அடாப்டர் இதற்கு உதவாது, அது பொதுவாக எஞ்சின் கோடு மட்டும்தான் படிக்கும். சஸ்பென்ஷன் யூனிட்டோடு பேச மெர்சிடிஸுக்கென்று வருகிற ஐகார்சாஃப்ட் மாதிரி ஒன்றோ, ஆட்டெல், லான்ச் ரகமோ வேண்டும், அது சில நூறு வெள்ளி. என் கணக்கில் அதை வாங்குவதைவிட, வைத்திருக்கும் மச்சானையோ நண்பரையோ ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அழைப்பது லாபம்.

லீக்கை அடைத்த பிறகும் கம்ப்ரசர் தூக்கவில்லை என்றால் அப்போது கம்ப்ரசரை மாற்றுங்கள், கூடவே அதற்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான ரிலேயையும். ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் புது மோட்டார் நிற்காமல் ஓடி எரிந்துவிடும், ரிலேயின் விலையோ அதற்கு முன் ஒன்றுமில்லை.

இவை எல்லாம் மெர்சிடிஸில் நான் கண்டவை. ஆவ்டி கியூ7, ரேஞ்ச் ரோவர் எல்லாம் நண்பர்கள் வழியாகக் கேட்டதோடு சரி. அளக்கிற முறை அங்கேயும் பொருந்தும். ஆனால் ஆவ்டியில் ஜாக் வைக்கும் முன் மெனுவில் ஜாக் மோடைப் போட வேண்டும். ரேஞ்ச் ரோவர்க்காரர்கள் அதற்கென்றே வரும் ஐஐடிடூல் (IIDTool) ஸ்கேனர் இல்லாமல் தொடவே மாட்டேன் என்கிறார்கள், அவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை.