ஸ்ரீநகர் டீப்பாய்: பட்டாம்பூச்சிக்காகவே வாங்கலாம்

காஷ்மீர் போனால் எல்லோரும் பேப்பர் மேஷே என்கிற காகிதக்கூழ்ப் பெட்டியோடு திரும்புவார்கள். நான் வாங்கியது அதன்மேல் தூரிகையால் வரைகிற அதே நக்காஷி வேலையை மரத்தின் மேல் செய்த சின்ன டீப்பாய். ஸ்ரீநகர் ஜடிபல் பக்கம் ஒரு பட்டறைக் கடை. விலை 6,500 ரூபாய், கோவைக்குப் பார்சல் கூலி தனி.

கறுப்புப் பின்னணியில் இடைவெளியே தெரியாமல் ரோஜாவும் நர்கிஸும் ஐரிஸும். ஹசாரா என்கிறார்கள், ஆயிரம் பூ வேலை. அதற்குள் ஏழு பட்டாம்பூச்சிகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பட்டாம்பூச்சி பார்க்கப் போகிறவள் நான். கடைகளில் வரைந்து வைத்திருப்பவற்றைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்: இறக்கை வயிற்றிலிருந்து முளைத்திருக்கும், உணர்கொம்பு சுருள் கம்பியாக நிற்கும். இதை வரைந்த நக்காஷ் (ஓவியர்) பூச்சியைப் பார்த்துப் பழகியவர். நான்கு இறக்கைகளும் நெஞ்சுப் பகுதியிலிருந்து கிளம்புகின்றன. உணர்கொம்பின் நுனியில் குமிழ்கூட வைத்திருக்கிறார். ஒன்று சந்தேகமே இல்லாமல் நீல வசீகரன்: முன்னிறக்கையில் கறுப்பு, பின்னிறக்கையில் நீலம், அதன்மேல் கண் புள்ளிகள். நம் ஊர்ப் பொட்டல் தரையில் வெயில் காய்கிற அதே பூச்சி! இன்னொன்றின் இறக்கை பாதி ரோஜா இதழுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அச்சு வைத்து ஒற்றினால் இது வராது.

வாங்கும்போது லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். அச்சடித்த படம் ஒட்டி வார்னிஷ் அடித்ததென்றால் பொடிப் பொடிப் புள்ளிகள் தெரியும். கைவேலையில் கோடு தூரிகை அழுந்திய இடத்தில் தடித்து, எடுத்த இடத்தில் மெலியும். வேறொரு கடையில் கைவேலை என்று காட்டிய தட்டில் எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. இங்கே பொன் கோடுகள் தங்க ரேக் இல்லை, பெயிண்ட்தான் என்று கடைக்காரர் கேட்காமலே சொன்னார். அந்த நேர்மை பிடித்திருந்தது.

கால்கள்தான் குறை. பலகைக்குக் கொடுத்த கவனத்தில் பாதிகூட அங்கே இல்லை. ஒரு கால் ஆடியது. இங்கே தச்சரிடம் கொடுத்து ஆப்பு வைத்தேன். வார்னிஷும் சூடு தாங்காது, காபி டம்ளரை அப்படியே வைத்தால் வெள்ளை வளையம் விழும். மேலே கண்ணாடி போடச் சொன்னார்கள். நான் போடவில்லை, தடவினால் இதழ்களின் மேடு விரலில் தட்டுகிறது, அதை எப்படி மூடுவது? கோஸ்டர் வைத்துக்கொள்கிறோம். துடைக்க உலர்ந்த பருத்தித் துணி போதும்.

பட்டாம்பூச்சி வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். முன்னால் அடுக்கியிருப்பவை பெரும்பாலும் சினார் மர இலையும் மீன்கொத்தியும்தான்.