வாசிப்பு வயதும் மன வயதும்: மென்மனக் குழந்தைக்கு எந்த ஃபேண்டஸி நூல்?

8 வயதிலேயே 13 வயதினருக்கான நூலைத் தடையின்றிப் படிக்கும் குழந்தைக்கு ஃபேண்டஸி நூல் தேர்ந்தெடுப்பது, பெற்றோர் நினைப்பதைவிடக் கடினமான வேலை. சொற்கள் அத்தனையும் அதற்குப் புரிந்துவிடுகின்றன. அவை சுமந்து வரும் துயரத்தைத் தாங்க வேண்டிய மனமோ இன்னும் 8 வயதில்தான் இருக்கிறது. பின்னட்டையில் அச்சிட்ட வயது வரம்பு இதற்கு உதவாது. எத்தனை சண்டை, எத்தனை சாவு என்று எண்ணிப் பார்ப்பதாலும் பெரிய பயன் இல்லை. அச்சமான கட்டத்தில் கதைசொல்லி குழந்தைக்குத் துணையாக நிற்கிறாரா, அதன்பின் ஆறுதல் எத்தனை பக்கம் தள்ளி வருகிறது என்ற இரண்டையும்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

அந்த வகையில் டோல்கீனின் 'தி ஹாபிட்' (1937) முன்னால் நிற்கிறது. 'போய்த் திரும்பி வந்தது' என்ற பொருள்படும் துணைத்தலைப்பே, கதைநாயகன் பில்போ பத்திரமாக வீடு திரும்புவான் என்ற உறுதியைக் கதை தொடங்கும் முன்பே தந்துவிடுகிறது. முடிவைப் பற்றிய கவலையில் தூக்கம் இழக்கும் குழந்தைக்கு இது சாதாரண உதவி அல்ல. கதைசொல்லி அவ்வப்போது வாசகரிடம் நேரடியாகப் பேசுகிறார். டிராகனின் குகைக்குப் போகும் சுரங்கத்தில் பில்போ தனியாகத் தயங்கி நிற்கும் இடத்தில், அங்கிருந்து ஓர் அடி முன்னே வைத்ததுதான் அவன் செய்த ஆகப் பெரிய வீரச்செயல் என்று சொல்கிறார். பயப்படுவதைக் குறையாக எண்ணிக் கூசும் பிள்ளைக்கு இந்த ஒரு பத்திக்காகவே நூலைக் கொடுக்கலாம். சிலந்திகள் வரும் பகுதியையும், இறுதியில் குள்ளர் தலைவன் தோரின் இறப்பதையும் மட்டும் பெரியவர் உடனிருந்து வாசிப்பது நல்லது.

சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் முதலில் வெளிவந்த 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' (1950) மொழியில் எளியது; ஆகவே பாதுகாப்பானது என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் 14-ஆம் அத்தியாயத்தில் அஸ்லான் என்ற சிங்கத்தைக் கட்டிப்போட்டு, பிடரியை மழித்து, கூட்டமாகக் கேலி செய்து, பிறகே கொல்கிறார்கள். மென்மனக் குழந்தையை அந்தச் சாவைவிட அதிகம் வதைப்பது அவமானம்தான். என் அக்கா மகள் அந்த இடத்தில் நூலை மூடி, அட்டைமேல் இரண்டு கைகளையும் அழுத்தி வைத்துக்கொண்டு, "அது ஏன் சித்தி திருப்பி அடிக்கல?" என்று கேட்டாள். ஆறுதல் அடுத்த அத்தியாயத்திலேயே இருக்கிறது: எலிகள் கயிற்றைக் கடித்து அறுக்கின்றன, விடிந்ததும் அஸ்லான் உயிரோடு நிற்கிறது. எனவே 14, 15 இரண்டையும் ஒரே அமர்வில், பகல் நேரத்தில் படித்து முடிக்க வேண்டும். படுக்கைக்குப் போகும் முன் 14-இல் நிறுத்தக் கூடவே கூடாது. வரிசையின் கடைசி நூலான 'தி லாஸ்ட் பேட்டில்' (1956) உலகத்தின் அழிவையே காட்டுவதால், அதைச் சில ஆண்டுகள் தள்ளி வைப்பதே சரி.

ஹாரி பாட்டரின் சிக்கல் வேறு வகையானது. 7 நூல்களும் 1997 முதல் 2007 வரை, 10 ஆண்டுகளில் வெளிவந்தவை. 11 வயதில் தொடங்கும் ஹாரி, கடைசி நூலில் 17 வயதை எட்டுகிறான். அன்றைய வாசகர்கள் அடுத்த நூலுக்காகக் காத்திருந்த ஆண்டுகளில் தாங்களும் வளர்ந்தார்கள். அந்தக் காத்திருப்பு இன்று இல்லை. வேகமாக வாசிக்கும் குழந்தை 7 நூல்களையும் சில வாரங்களில் முடித்துவிடும். முதல் மூன்று நூல்களைத் தயக்கமின்றித் தரலாம். நான்காவதில் சக மாணவன் செட்ரிக் கொல்லப்படும் இடத்திலிருந்து கதையின் நிறமே மாறுகிறது; அங்கிருந்து பிறந்த நாளுக்கு ஒரு நூல் என்று இடைவெளி விடலாம்.

அறிவுப்பசிக்கு ஈடுகொடுக்கும் நூல் என்றால் உர்சுலா லே குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968) மற்ற மூன்றையும் மிஞ்சும். இளம் மந்திரவாதி கெட் தன் அகந்தையால் அவிழ்த்துவிட்ட நிழலைத் தானே எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. வெட்டி வீழ்த்த வெளியே எதிரி இல்லை. தன் சிறு தவறையும் நாள்கணக்கில் நினைத்துக் கலங்கும் பிள்ளை இதில் தன்னையே காணும். அதனால்தான் அவசரப்படக் கூடாது என்கிறேன். கெட் காப்பாற்ற முயன்றும் ஒரு குழந்தை இறந்துபோகிறது. உயிர் மங்கிக் கிடந்த அவனை நாவால் நக்கி மீட்கும் சிறு விலங்கும் பின்னர் கொல்லப்படுகிறது. விலங்கின் சாவு இத்தகைய குழந்தைகளை மனிதச் சாவைவிட ஆழமாகத் தாக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இங்கே கதைசொல்லி தேற்றுவதும் இல்லை. அழகான, குளிர்ந்த மொழியில் விலகியே நிற்கிறார். 11, 12 வயதுவரை இது காத்திருக்கலாம்.

அதுவரை மூளைக்குத் தீனி வேண்டுமே என்றால், நார்ட்டன் ஜஸ்டரின் 'தி ஃபாண்டம் டோல்பூத்' (1961) இருக்கிறது. சொற்களின் நகரம், எண்களின் நகரம் என்று சிலேடையும் புதிருமாக ஓடும் அதில் துயரம் மிகக் குறைவு.

8 வயதுக்கு என் வரிசை இதுதான்: முதலில் ஜஸ்டர், அடுத்து உடன் அமர்ந்து 'ஹாபிட்', பிறகு நார்னியாவின் முதல் நூல். நடுவில் குழந்தை புதியதை வைத்துவிட்டுப் பழைய நூலையே நான்காம் முறை எடுத்தால் தடுக்காதீர்கள். முடிவு தெரிந்த கதையில்தான் அது அச்சத்தை நிதானமாக நின்று பார்க்கிறது.