திரவ மாதிரியை எக்ஸ்ஆர்டிக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

எங்கள் துறையின் எக்ஸ்ஆர்டி மெஷின் (எக்ஸ்-கதிர் சிதறுவதை வைத்து அணு அமைப்பைப் பார்ப்பது) ரிப்பேரில் கிடந்ததால், கிளிசரால்–தண்ணீர் கலவையை மூன்று விகிதங்களில் ஒரு தனியார் டெஸ்டிங் லேபுக்கு அனுப்பினோம். "பவுடரோ லிக்விடோ, எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். அணுக்களுக்கு இடையிலான தூரம் வரை கணக்குப் போட்டுத் தருவதாகக் கொட்டேஷனிலேயே இருந்தது. பாதிப் பணம் அட்வான்ஸ், ஜிஎஸ்டியோடு.

வந்த ரிப்போர்ட்டில் மூன்று வளைகோடுகளும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருந்தன. 23 டிகிரி சிதறல் கோணத்தின் பக்கம் ஒரு மேடு, அவ்வளவுதான். காப்பரிலிருந்து வரும் எக்ஸ்-கதிரில் சுத்தத் தண்ணீரின் மேடு 28 டிகிரியை ஒட்டி வரும். தண்ணீர் கூடக் கூடக் கலவையின் மேடு அந்தப் பக்கம் நகர வேண்டாமா? அசையாமல் நின்றது மாதிரியை அடைத்த கண்ணாடிக் குழாயின் மேடு. காலிக் குழாயைத் தனியாக அளந்து கழித்தீர்களா என்று கேட்டேன். "பேக்ரவுண்டை சாஃப்ட்வேரே எடுத்துடும் சார்" என்றார் டெக்னீஷியன். திரவத்தில் அந்த அகன்ற மேடுதான் மொத்தத் தகவலுமே. அதையும் சேர்த்து வழித்துப் போட்டுவிடும் அவருடைய சாஃப்ட்வேர்.

சண்டை போட்டு மறுபடி அளக்க வைத்தோம். இந்த முறை திறந்த தட்டில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். 240 மி.மீ. ஆரமுள்ள கருவியில் திரவ மட்டம் 0.1 மி.மீ. தாழ்ந்தாலே கோணம் கிட்டத்தட்ட 0.05 டிகிரி தவறும். கிளிசரால் வேறு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஸ்கேன் முடியும்போது விகிதமே மாறியிருக்கும். போதாததற்கு, தண்ணீர் போன்ற லேசான திரவத்தில் காப்பர் கதிர் ஒரு மில்லிமீட்டர் வரை சாதாரணமாக இறங்கும். அதனாலும் மேடு சிறிய கோணத்துக்குச் சரியும்.

தூரக் கணக்கு இன்னும் மோசம். காப்பர் எக்ஸ்-கதிர்க் குழாயில் க்யூ மதிப்பு (சிதறல் கோணத்தையும் அலைநீளத்தையும் சேர்த்துச் சொல்லும் அளவு) 8-ஐச் சற்றுத்தான் தாண்டும். மாலிப்டினம் என்றால் 17 வரை போகலாம். வளைகோட்டை 8-இல் வெட்டி, அதைத் தூரமாக மாற்றும் ஃபூரியர் கணக்கைப் போட்டால் இல்லாத அலைகளெல்லாம் முளைக்கும். அவற்றுக்கும் அம்புக்குறி போட்டு 'பிணைப்பு' என்று எழுதியிருந்தார்கள். மூல ஃபைல் கேட்டதற்கு ஒரு படத்தை அனுப்பினார்கள். ரீஃபண்ட் கிடையாதாம், கம்பெனி பாலிசியாம்.

எந்த எக்ஸ்-கதிர்க் குழாய், காலிக் கண்ணாடிக் குழாயின் ஸ்கேன், கோணம் சரியா என்று பார்க்க அன்றே எடுத்த சிலிக்கான் ஸ்டாண்டர்டு ஸ்கேன், மூல ஃபைல், எல்லாவற்றையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். கூடவே சுத்தத் தண்ணீர் ஒரு குப்பி, பெயர் போடாமல் நம்பர் மட்டும் ஒட்டி அனுப்புங்கள். அதன் தூரக் கணக்கில் ஆக்சிஜன்–ஆக்சிஜன் முகடு 2.8 ஆங்ஸ்ட்ராம் பக்கம் வராவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.